வெனிஸின் சான் மார்கோ சதுக்கம்: நேரமும் நீர்மட்டமும் பார்த்துச் சுற்ற ஒரு முழு வழிகாட்டி

சான் மார்கோ சதுக்கத்துக்குக் கதவு கிடையாது, கட்டணம் கிடையாது, மூடும் நேரமும் கிடையாது. ஆனாலும் வெனிஸுக்குப் போகும் பலர் அந்தச் சதுக்கத்தைச் சரியாகப் பார்க்காமலே திரும்புகிறார்கள். காலை பதினொரு மணிக்கு வந்து, வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, புறாக்களோடு நாலு படம் எடுத்து, விலை பார்க்காமல் காபி குடித்துவிட்டு நாலு மணிக்கு ரயிலைப் பிடிக்கிறார்கள். குறை சதுக்கத்தில் இல்லை. வந்த நேரமும் பார்த்த வரிசையும்தான் தப்பு. இந்த இடத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும்: காலை எட்டு மணிக்குள் ஒரு முறை, மாலை வெயில் சாய்ந்த பிறகு ஒரு முறை. நடுப்பகலைக் கட்டடங்களுக்குள் கழிக்கலாம். கீழே உள்ளதெல்லாம் இந்தத் திட்டத்தை ஒட்டியே.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது

முதலில் பார்க்க வேண்டியது நுழைவுக் கட்டணம். இது சதுக்கத்துக்கு இல்லை, வெனிஸின் பழைய நகரத்துக்கே. 2024 ஏப்ரல் 25 அன்று சோதனையாகத் தொடங்கியது. ஏப்ரலிலிருந்து ஜூலை வரை, நகராட்சி முன்கூட்டியே அறிவிக்கும் குறிப்பிட்ட நாட்களில் மட்டும், காலை 8:30 முதல் மாலை 4 மணி வரை நகருக்குள் இருக்கும் பகல்நேரப் பயணிகள் கட்ட வேண்டும். 2025இல் நான்கு நாளுக்கு முன்பே பதிவு செய்தவர்களுக்கு 5 யூரோ, கடைசி நேரத்தில் வந்தவர்களுக்கு 10 யூரோ. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. வெனிஸ் நகராட்சி எல்லைக்குள் ஓட்டலில் தங்குபவர்களுக்கும் இல்லை. ஆனால் விலக்கு உள்ளவர்களும் நகராட்சித் தளத்தில் பதிந்து கியூஆர் கோடு எடுத்துக் கையில் வைத்திருப்பது நல்லது. இதை விட்டுவிட்டு ரயில் நிலைய வாசலில் நின்று வாதாடுபவர்களே அதிகம். உங்கள் தேதி அந்தப் பட்டியலில் வருகிறதா என்று டிக்கெட் போடும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கிழமை. சதுக்கத்திலுள்ள சான் மார்கோ (புனித மாற்கு) பசிலிக்கா என்ற பேராலயம் ஞாயிறு காலையில் வழிபாட்டுக்கு மட்டுமே. சுற்றுலாப் பயணிகளைப் பிற்பகல் 2 மணிக்கு மேல்தான் விடுவார்கள். வெனிஸில் ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள்.

நீர்மட்டம்: எண்ணைச் சரியாகப் படிப்பது எப்படி

நகரிலேயே மிகத் தாழ்வான இடங்களில் ஒன்று இந்தச் சதுக்கம். அக்டோபர் முதல் ஜனவரி வரை கடல் ஏறி வரும் நாட்கள் அதிகம். உள்ளூரில் இதற்கு 'ஆக்வா ஆல்தா' என்று பெயர். நகராட்சியின் கடல்மட்ட முன்னறிவிப்பு மையம் ஒவ்வொரு நாளும் சில நாட்களுக்கான ஏற்ற இறக்கத்தை வெளியிடுகிறது. பயணத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்தே அதைப் பாருங்கள்.

இங்கேதான் பெரும்பாலோர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "நாளை 100 சென்டிமீட்டர்" என்று போட்டிருந்தால், சதுக்கத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் என்று பயந்து திட்டத்தையே ரத்து செய்கிறார்கள். அந்த எண் தரையிலிருந்து அளப்பதில்லை. 1897இல் நிர்ணயித்த ஓர் அடிப்படை மட்டத்திலிருந்து அளப்பது. சதுக்கத்தின் தாழ்ந்த பகுதி ஏறக்குறைய 80 சென்டிமீட்டரில் நனையத் தொடங்கும். ஆகவே 100 என்றால் தாழ்ந்த இடங்களில் கணுக்காலைச் சற்றுத் தாண்டி சுமார் 20 சென்டிமீட்டர் தண்ணீர், அவ்வளவுதான். 110ஐ எட்டினால் நகரில் சுமார் எட்டில் ஒரு பங்கு நனையும்.

'மோசே' தடுப்பணை வந்துவிட்டதே, இன்னும் ஏன் தண்ணீர் வருகிறது என்ற கேள்வி எழும். வெனிஸைச் சூழ்ந்த காயல் கடலோடு சேரும் மூன்று வாய்களிலும் நீருக்கடியில் கிடக்கும் 78 மிதவைக் கதவுகளைக் கொண்டது அது. 2020 அக்டோபர் 3 அன்று முதன்முறையாக உண்மையான வெள்ளத்தைத் தடுத்தது. ஆனால் பொதுவாக 110 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் வரும் என்று கணிக்கும்போதே கதவுகளை உயர்த்துகிறார்கள். 80க்கும் 110க்கும் இடைப்பட்ட நாட்களில் நகரின் பெரும்பகுதி காய்ந்திருக்கும், சதுக்கம் மட்டும் நனையும். பசிலிக்காவைச் சுற்றி நிற்கும் கண்ணாடித் தடுப்பு இந்த இடைவெளிக்காகத்தான் 2022இல் அமைக்கப்பட்டது. 1966 நவம்பர் 4 அன்று 194 சென்டிமீட்டரும், 2019 நவம்பர் 12 அன்று 187 சென்டிமீட்டரும் ஏறிய நகரம் இது. அந்தத் தடுப்புக் கண்ணாடியைப் படத்துக்கு இடைஞ்சல் என்று நினைக்க வேண்டாம்.

தண்ணீர் கரை தாண்டி அலையாக வராது. தரையில் இருக்கும் வடிகால் துளைகள் வழியே மெல்லக் கொப்பளித்து எழும். பசிலிக்காவின் வாசலுக்கு முன்னால் கல்லில் சிறு குட்டைகள் தோன்றுவதே முதல் அறிகுறி. கடல் ஏறவும் இறங்கவும் சுமார் ஆறாறு மணி நேரம் ஆகும் என்பதால், உச்சம் தாண்டி இரண்டு மூன்று மணி நேரம் காத்திருந்தால் சதுக்கம் மறுபடி நடக்கக் கிடைக்கும். அந்த நேரத்தை டோஜே (பழைய வெனிஸ் குடியரசின் தலைவர்) அரண்மனைக்குள் கழித்துவிடலாம்.

தெருவில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறைகள் கால் மணி நேரத்தில் கிழிந்துவிடும். முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸ் வாங்குங்கள், அல்லது ஓட்டலில் கேட்டுப் பாருங்கள். தற்காலிக மரப்பாலங்கள் போட்டிருந்தால் வலப்பக்கமாக நடந்து, படம் எடுக்க நிற்காமல் கடந்துவிடுங்கள். பின்னால் வருபவருக்கு ஒதுங்க இடமே இருக்காது. நீர் 120ஐ நெருங்கினால் அந்தப் பலகைகளே மிதக்கத் தொடங்கும் என்பதால் எடுத்துவிடுவார்கள்.

போய்ச் சேர்வது

ரயிலில் வருபவர்கள் இறங்க வேண்டியது 'வெனேத்சியா சாந்தா லூச்சியா'. அதற்கு முந்தைய 'வெனேத்சியா மெஸ்த்ரே' நிலப்பகுதியில் இருக்கும் வேறு நிலையம். பெயரில் வெனிஸ் இருக்கிறதே என்று அங்கே இறங்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பெரிய பையை சாந்தா லூச்சியா நிலையப் பாதுகாப்பகத்திலேயே விட்டுவிடுங்கள். பசிலிக்காவுக்குள் விடமாட்டார்கள்.

நிலையத்திலிருந்து நடந்தால் 35 முதல் 40 நிமிடம். சுவர்களில் 'பெர் சான் மார்கோ' என்று அம்புக்குறி போட்ட மஞ்சள் பலகைகள் வழிகாட்டும். குறுகிய சந்துகளில் கைபேசி வரைபடம் தடுமாறும்போது இந்தப் பலகைகளை நம்புங்கள்.

ஆனால் முதல் முறை போகிறவர்கள் நீர்வழியே போவதுதான் சரி. காரணம் அழகு மட்டுமில்லை. இந்தச் சதுக்கம் கடல்வழி வருபவர்களை வரவேற்கவே அமைந்தது. தூதர்களும் வணிகர்களும் அரசு விருந்தினர்களும் காயல் பக்கத்திலிருந்துதான் இறங்கினார்கள். இரண்டு தூண்கள், அரண்மனை, பசிலிக்கா, மணிக்கூண்டு என்ற வரிசை அந்தக் கோணத்தில்தான் அர்த்தம் பெறுகிறது. பின்பக்கச் சந்து வழியாக நுழைபவருக்குக் கதை தலைகீழாகத் தெரியும்.

'வபோரெத்தோ' என்ற பொதுப் படகில் 1ஆம் எண் பெருங்கால்வாயின் எல்லாத் துறைகளிலும் நின்று முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். 2ஆம் எண் குறைவாக நிற்கும், விரைவாகப் போகும். 'சான் மார்கோ வல்லரெஸ்ஸோ' அல்லது 'சான் சக்காரியா' துறையில் இறங்குங்கள். 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, 24 மணி நேர டிக்கெட் 25 யூரோ. மூன்று முறை ஏறுவதாக இருந்தாலே நாள் டிக்கெட்தான் லாபம். ஏறும் முன் துறையிலுள்ள கருவியில் டிக்கெட்டைக் காட்டிப் பதிய வேண்டும். பதியாத டிக்கெட் இல்லாத டிக்கெட்தான், அபராதம் உண்டு.

வெளியே பார்க்க வேண்டிய வரிசை

காலை ஏழு, ஏழரைக்கு வந்துவிட்டால் கீழே சொல்வதை எல்லாம் ஒரு மணி நேரத்தில், யாரும் தள்ளாமல் பார்க்கலாம்.

காயல் ஓரத்தில் நிற்கும் இரு கருங்கல் தூண்களில் தொடங்குங்கள். ஒன்றின் உச்சியில் புனித மாற்குவின் சின்னமான சிறகுள்ள சிங்கம், மற்றதில் அதற்கு முன் நகரின் காவலராக இருந்த புனித தியோடோர். வெனிஸ் தனிக் குடியரசாக இருந்த காலத்தில் மரண தண்டனை இவ்விரண்டுக்கும் நடுவில் நிறைவேற்றப்பட்டதால், ஊர்க்காரர் பலர் இன்றும் அந்த இடைவெளியில் நடக்கமாட்டார்கள்.

அங்கிருந்து உள்ளே நடக்கும்போது வலப்பக்கம் டோஜே அரண்மனை. கீழ்த்தளத் தூண்கள் குட்டையாக, பீடமே இல்லாமல் நேராகத் தரையிலிருந்து முளைத்தவை போலத் தெரியும். காலப்போக்கில் தரையை உயர்த்திக்கொண்டே வந்ததால் அடிப்பாகம் மறைந்துபோனது. தண்ணீரோடு இந்த நகரம் நடத்திவரும் போராட்டத்தை இங்கே கண்ணாலேயே பார்க்கலாம். மேல்தள வரிசையில் இரண்டு தூண்கள் மட்டும் சிவந்திருப்பதையும் கவனியுங்கள். தண்டனைத் தீர்ப்புகள் அவற்றுக்கு நடுவிலிருந்து வாசிக்கப்பட்டதாகச் சொல்வது வழக்கம்.

அரண்மனையும் பசிலிக்காவும் சேரும் மூலையில் கருஞ்சிவப்புக் கல்லில் நான்கு ஆட்கள் இரண்டிரண்டு பேராகக் கட்டியணைத்து நிற்பார்கள். ரோமப் பேரரசை நால்வர் பங்கிட்டு ஆண்ட காலத்துச் சிலை இது, கான்ஸ்டான்டினோபிளிலிருந்து (இன்றைய இஸ்தான்புல்) கொண்டுவரப்பட்டது. வலக்கோடியில் நிற்பவரின் பாதத்தை உற்றுப் பாருங்கள். ஒரு பாதம் மட்டும் வெளிறிய வேறு கல்லாக இருக்கும். உடைந்த மூலப்பாதம் 1960களில் இஸ்தான்புல்லில் அகழ்வில் கிடைத்தது, அங்குள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிலை எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பசிலிக்காவின் முகப்பில் ஐந்து வாசல்கள். இடக்கோடி வாசலின் மேல் உள்ள மொசைக் ஓவியம் (சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்துச் செய்தது) மட்டுமே 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, மற்றவை பிற்காலத்தில் மாற்றப்பட்டவை. அந்தப் பழைய ஓவியத்தில் இதே பசிலிக்காவே வரையப்பட்டிருக்கிறது, அதன் மேல் நான்கு குதிரைச் சிலைகளும் இருக்கின்றன. எழுநூறு ஆண்டுகளுக்கும் முன் இந்த முகப்பு எப்படி இருந்தது என்பதற்கான படம் அந்த முகப்பிலேயே ஒட்டியிருக்கிறது. இதைப் பாராமல் கடந்துபோகாதீர்கள்.

வடக்கே 1490களில் எழுந்த மணிக்கூண்டு. உச்சியில் இரண்டு வெண்கல மனிதர்கள் மணியை அடிக்கிறார்கள். முதியவர் மணி ஆவதற்கு இரண்டு நிமிடம் முன்பும், இளையவர் இரண்டு நிமிடம் கழித்தும் அடிப்பார்கள், ஆகவே சரியான மணிக்கு வந்து நின்றால் பாதியைத் தவற விடுவீர்கள். உள்ளே ஏற முன்பதிவு செய்த வழிகாட்டிச் சுற்றுலாவில் மட்டுமே முடியும்.

காலடியையும் பாருங்கள். சாம்பல் நிறக் கல்லில் வெள்ளைக் கோடுகள் ஓடும் இந்தத் தளம் 18ஆம் நூற்றாண்டில் ஆந்திரேயா திராலி வடிவமைத்தது. மேற்குக் கோடியை மூடும் கட்டடம் நெப்போலியன் காலத்தது. அதற்காக அங்கிருந்த சான் ஜெமினியானோ தேவாலயத்தை இடித்தார்கள். மற்ற இரு பக்கத்து நீண்ட கட்டடங்களில் இருந்தவர்கள் குடியரசின் உயர் அதிகாரிகள்.

பசிலிக்காவுக்குள்

நேரம் குறித்த டிக்கெட்டைப் பசிலிக்காவின் அதிகாரபூர்வத் தளத்தில் எடுங்கள். தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் மறுவிற்பனைத் தளங்கள். தோற்றத்தில் அதிகாரபூர்வம் போலவே இருக்கும், விலை கூடுதலாக இருக்கும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே விதி. கோடையில் ஒரு மெல்லிய துப்பட்டா பையில் இருந்தால் போதும்.

புனித மாற்குவின் உடலை 828இல் இரண்டு வணிகர்கள் அலெக்சாந்திரியாவிலிருந்து கடத்தி வந்ததாக மரபு. இப்போதுள்ள கட்டடம் 1063 வாக்கில் தொடங்கியது. உள்ளே மொசைக் பரப்பு மட்டும் 8,000 சதுர மீட்டருக்கு மேல். கூரையைப் பார்த்தபடியே நடப்பவர்கள் தரையில் தடுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் பளிங்குத் தரை அலை அலையாக மேடும் பள்ளமுமாக இருக்கிறது. நின்று பாருங்கள், பிறகு நடங்கள்.

கட்டணம் கட்டும் கூடுதல் பகுதிகளில் ஒன்றே ஒன்றுதான் என்றால், மேல்தளத்து அருங்காட்சியகத்தைத் தேர்ந்தெடுங்கள். செங்குத்தான கல்படிகள், மூட்டுவலி உள்ளவர்களுக்குச் சிரமம். ஆனால் மேலே மொசைக் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், நான்கு குதிரைகளின் அசல்கள் அங்கேதான் நிற்கின்றன. 1204இல் நான்காம் சிலுவைப்போர்க் கொள்ளையில் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து வந்தவை. 1797இல் நெப்போலியன் பாரிசுக்குக் கொண்டுபோனார், 1815இல் திரும்பின. வெளிமாடத்தில் நிற்பவை நகல்கள். அந்த மாடத்திலிருந்து சதுக்கம் முழுவதும் காலடியில் விரியும். உயரம் அளவாக இருப்பதால் மனிதர்களும் தெரிவார்கள், கல்கோடுகளும் தெரியும்.

அரண்மனை

இதற்கு இரண்டரை மணி நேரமாவது வேண்டும். இல்லையென்றால் இன்னொரு நாளுக்கு வையுங்கள், ஓடி ஓடிப் பார்க்கும் இடமில்லை இது. நுழைவு காயல் பக்கத்தில். சதுக்கத்தின் மேற்குக் கோடியிலுள்ள கொர்ரேர் அருங்காட்சியகமும் அதே டிக்கெட்டில் அடங்கும், கூட்டமும் குறைவு. முப்பது நாளுக்கு முன்பே எடுத்தால் விலை குறையும்.

பெருமன்ற அரங்கு 53 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. சுவரின் மேல் விளிம்பில் டோஜேக்களின் உருவப்பட வரிசையில் ஒரு இடத்தில் மட்டும் கறுப்புத் திரை வரைந்திருக்கும். ஆட்சியைத் தனதாக்க முயன்று 1355இல் தலை வெட்டப்பட்ட மரீன் ஃபலியேர் இருக்க வேண்டிய இடம் அது. அங்கிருந்து பாதை பெருமூச்சுப் பாலத்தின் உள்ளே சென்று சிறைகளுக்குப் போகும். வெனிஸ் எழுத்தாளர் கசனோவா 1756இல் தப்பிய கூரைச் சிறையைப் பார்க்க 'இரகசியப் பாதை' சுற்றுலாவைத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும்.

கோபுரம் ஏறலாமா

இது மணிக்கூண்டு இல்லை, சதுக்கத்தில் தனியே நிற்கும் மணிக்கோபுரம். 98.6 மீட்டர் உயரம், லிஃப்ட் உண்டு. 1609இல் கலிலியோ தம் தொலைநோக்கியை ஆட்சியாளர்களுக்குக் காட்டிய பழைய கோபுரம் 1902 ஜூலை 14 அன்று சரிந்து விழுந்தது. மனிதர் யாரும் சாகவில்லை. அதே இடத்தில் அதே வடிவில் கட்டி 1912 ஏப்ரல் 25 அன்று திறந்தார்கள். மேலே மணிகளுக்கு அடியிலேயே நிற்பீர்கள் என்பதால் நண்பகல் பன்னிரண்டுக்குப் போகாதீர்கள், குழந்தைகள் பயந்துவிடும். பலத்த காற்றிலும் மூடுபனியிலும் மூடிவிடுவார்கள். உச்சியிலிருந்து கூரைகள்தான் தெரியும், கால்வாய்கள் ஏறக்குறைய தெரியவே தெரியாது.

வரிசை நீளமாக இருந்தால் சான் சக்காரியாவில் 2ஆம் எண் படகேறி எதிர்த்தீவான சான் ஜோர்ஜோ மஜ்ஜோரேவில் இறங்குங்கள். அங்குள்ள தேவாலயக் கோபுரத்திலும் லிஃப்ட் உண்டு, கூட்டம் குறைவு. சதுக்கம் முழுவதும் காயலோடு சேர்ந்து அங்கிருந்துதான் தெரிகிறது.

உட்காருவது, சாப்பிடுவது, அபராதங்கள்

சதுக்கத்தின் தரையிலோ படிகளிலோ தாழ்வாரத்திலோ உட்காருவதும், அங்கே பொட்டலம் பிரித்துச் சாப்பிடுவதும் குற்றம். அபராதம் 100 முதல் 200 யூரோ. மேலாடை இல்லாமல் நடந்தால் 250, கால்வாயில் இறங்கினால் 350. புறாவுக்குத் தீனி போடுவதற்குச் சதுக்கத்தில் 2008 முதல் தடை. யாராவது கேட்காமலே உள்ளங்கையில் சோளம் கொட்டினால் கையை உதறிவிட்டு நகருங்கள். படம் எடுத்து முடிந்ததும் அவர் காசு கேட்பார், அபராதம் மட்டும் உங்களுக்கு.

கால் வலித்தால் தெற்கே இரண்டு நிமிட நடையில் அரச தோட்டம் இருக்கிறது, பெஞ்சுகளும் நிழலும் உண்டு. கழிப்பறைக்கு 1.50 யூரோ, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர்க் குழாய்கள் நகரமெங்கும் இலவசம், காலிப் பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள்.

1720இல் தொடங்கிய ஃப்ளோரியானும் எதிரேயுள்ள குவாத்ரியும் உட்கார்ந்து பார்க்க வேண்டிய காபியகங்கள்தாம். வெளி மேசையில் உட்கார்ந்ததும் வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருந்தால் ஒவ்வொருவருக்கும் இசைக் கட்டணம் பில்லில் ஏறும். விலைப் பட்டியலின் அடியில் அது எழுதியிருக்கும், படித்த பிறகு சொல்லுங்கள். செலவைக் குறைக்க உள்ளே கவுண்டரில் நின்றபடி குடிக்கலாம்.

மாலையில் மறுபடி

பசிலிக்காவின் முகம் மேற்கு நோக்கியது. காலையில் சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் முகப்பு மங்கலாகவே விழும். படத்துக்குரிய நேரம் பிற்பகல் நாலு மணிக்கு மேல், தங்க மொசைக் நேர் வெயிலில் எரியும்போது. மேற்குக் கோடித் தாழ்வாரத்தின் நடுவில் நின்று எடுங்கள், முழு முகப்பும் கோபுரமும் ஒரே சட்டத்தில் அடங்கும்.

பகல்நேரக் குழுக்கள் ஆறு மணிக்குள் கிளம்பிவிடும். இரவு உணவை வேறு பேட்டையில் முடித்துவிட்டு ஒன்பதரைக்கு வந்தால், வாத்தியக் குழுக்களின் இசையை நின்றபடி கேட்கக் காசு கிடையாது. கொந்தோலா என்ற துடுப்புப் படகில் ஏற நினைத்தால் நகராட்சி நிர்ணயித்த கட்டணம் பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவு ஏழு மணிக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110. இது படகுக்கு, ஆளுக்கு இல்லை, ஐந்து பேர் வரை ஏறலாம். ஏறும் முன் நேரத்தையும் தொகையையும் வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்யுங்கள். நிலையத்துக்குத் திரும்ப நள்ளிரவுக்குப் பிறகு 'என்' (N) என்ற இரவுப் படகு மட்டுமே, அதுவும் இடைவெளி விட்டு ஓடும். ரயில் பிடிக்க வேண்டியவர்கள் படகுக்கு முக்கால் மணி நேரமும், துறையில் காத்திருக்கக் கால் மணி நேரமும் ஒதுக்கிக் கிளம்புங்கள்.